ஒரு சின்ன விளக்கம்

சின்ன விளக்கர் என்றொரு இனம் உண்டு. எந்த அலுவலகத்தில் கோப்புகள் நாற்காலியைவிட உயரமாக அடுக்கிக் கிடக்கின்றனவோ, அங்கே தேடுங்கள். இவர் எதையும் மறுக்கமாட்டார். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். சம்மதிக்கவும் மாட்டார், சம்மதித்தால் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே, காற்றோட்டமான ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயர்தான் "ஒரு சின்ன விளக்கம்".

மறதிநோய் ஆராய்ச்சிக்கு அரசு நிதி கேட்ட டாக்டரம்மா இவரிடம் அகப்பட்டார். நூற்றுப் பன்னிரண்டு முதியவர்களுக்குச் சென்ற ஆண்டு ஞாபகச் சோதனை நடத்தியவர். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அதை மறுபடி நடத்தினால்தான் யாருக்கு எவ்வளவு மறதி கூடியது என்று தெரியும். தேதி தவறினால் ஓராண்டு உழைப்பும் வீண். மிச்சமிருந்தது இவர் கையெழுத்து ஒன்றுதான். பதினெட்டாம் தேதி, நான்காவது முறையாக வந்து நின்றார்.

"உட்காருங்க டாக்டரம்மா. ஒரு சின்ன விளக்கம். வயசானா மறதி வர்றது சகஜம்தானே? அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

இதே கேள்விக்கு இதே கோப்பில் ஒன்பது, பதினான்கு, இருபத்திரண்டாம் பக்கங்களில் பதில் இருக்கிறது. மூன்றின் ஓரத்திலும் 'பார்த்தேன்' என்று இவரே எழுதியிருக்கிறார்.

டாக்டரம்மாவுக்குத் தொழில்புத்தி விழித்துக்கொண்டது.

"சார், மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்குங்க. சாவி, குடை, ஆரஞ்சு."

ஐந்து நிமிடம் மழை, வெயில் என்று பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார்.

"சாவி, குடை, ஆரஞ்சு. நமக்கா மறக்கும்?"

"ரொம்ப சந்தோஷம் சார். அப்போ மூணு தடவை நான் சொன்ன பதிலும் ஞாபகம் இருக்குமே?"

எதிர் மேஜை எழுத்தர் இருமினார். சின்ன விளக்கர் என்ன செய்வார்? ஞாபகம் இல்லை என்றால் நோயாளி. இருக்கிறது என்றால் கையெழுத்து. பேனாவைத் திறந்தார், மூடினார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி திறந்தார். போட்டுவிட்டார்.

கோப்போடு வாசலைத் தொட்டவரைக் குரல் நிறுத்தியது.

"டாக்டரம்மா, எனக்கு முழு மார்க்குன்னு ஒரு சர்டிபிகேட் கிடைக்குமா? வீட்ல நம்ப மாட்டாங்க."

"தாராளமா சார். மனு எழுதிக் கொடுங்க. ஏதாவது ஒரு சின்ன விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புறேன்."

சிரிக்கிறீர்கள். சரி. உங்கள் மேஜையில் பதில் போடாமல் கிடக்கிறதே ஒரு கடிதம், அதை எழுதியவர் அங்கே தேதி எண்ணிக்கொண்டிருக்கிறார். "எந்தக் கடிதம்?" என்று கேட்க வாயெடுத்தீர்களா?

போச்சு. உட்காருங்கள், அந்த நாற்காலி உங்களுடையதுதான்.