ஏற மட்டும் ஒரு பாலம்

கீழே வருவதில் ஒரு காற்புள்ளிகூடப் பொய் இல்லை என்று எந்தச் சபையிலும் கையடித்துச் சத்தியம் செய்யலாம். முற்றுப்புள்ளிகளுக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. அவை அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டவை.

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் சும்மா இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது அரசாங்கத்தின் ‘பகுதிப் புத்துயிர்த் திட்டம்’. ஏறலாம், அந்தப் பக்கம் இறங்க முடியாது என்ற உயரிய தத்துவத்தின்மேல் ஒரு நடைபாலத்தைக் கட்டி, அதை ஓர் இஸ்திரிக்காரரின் கடைவாசலில் கொண்டுவந்து நிறுத்திய பெருமை அந்தத் திட்டத்தையே சேரும்.

இஸ்திரிக்காரரின் கடை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். வாடிக்கையாளர்கள் எல்லாம் அந்தப் பக்கம், அடுக்குமாடிக் குடியிருப்பில். நடுவே கறுப்புத் தண்ணீர். அதன் குறுக்கே எந்தக் காலத்திலோ யாரோ சாய்த்துப் போட்ட பழைய விளக்குக் கம்பம். தலையில் மூட்டையோடு அதன்மேல் நடந்துபோய், மடிப்புக் கலையாமல் சட்டைகளை ஒப்படைத்துவிட்டு, கசங்கிய துணிகளோடு திரும்புவார். மனைவி கரையில் நின்று, “பார்த்து, பார்த்து” என்பாள்.

“பார்த்துக்கிட்டுதான் போறேன். நீ கத்துறதாலதான் கால் தடுமாறுது” என்பார் அவர்.

இப்படியாகக் குடும்பம் நடந்துகொண்டிருந்தபோது திட்டத்தின் பகுதி அலுவலர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் மடிக்கணினி, முகம் முழுக்கக் கனிவு.

“சொல்லுங்க ஐயா, உங்க கனவு என்ன?”

இஸ்திரிக்காரருக்கு அன்று விடியற்காலையில் கண்ட கனவு நினைவுக்கு வந்தது. மனைவி பக்கத்தில் இருக்கும்போது சொல்லும்படியாக இல்லை. “இந்தக் கம்பத்துக்கு ஒரு கைப்பிடி போட்டுக் கொடுத்தாப் போதும் சார்” என்றார்.

“கைப்பிடியெல்லாம் எங்க திட்டத்துல வராதுங்க. கொஞ்சம் பெருசா ஆசைப்படுங்க.”

“எவ்வளவு பெருசா?”

“திறப்பு விழா நடத்தற அளவுக்கு.”

இஸ்திரிக்காரர் சிரமப்பட்டு ஆசைப்பட்டார். பாலம் அனுமதியாயிற்று. இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் இந்தக் கரையில் ஏறும் படிகளும், வாய்க்காலைத் தாண்டி அந்தக் கரைவரை நீளும் மேடையும். இரண்டாம் கட்டத்தில் அந்தக் கரையில் இறங்கும் படிகள். முதல் கட்டத்துக்கு நிதி இருந்தது. இரண்டாம் கட்டத்துக்கு ‘நம்பிக்கை’ இருந்தது.

“ரெண்டாவது எப்ப வரும் சார்?”

“அடுத்த வருஷம் திட்டம் இருந்தா வரும்.”

“இருக்குமா?”

“அதைச் சொல்றதுக்குன்னே மேல ஒரு அதிகாரி இருக்கார். அடுத்த வருஷம் அவர் இருப்பாரான்னு அவருக்கே தெரியல.”

“நீங்க இருப்பீங்களா சார்?” என்று கேட்டாள் மனைவி.

அலுவலரின் முகத்தில் கனிவு ஒரு கணம் மடங்கியது. “வேற எதாவது பேசுவோமே அம்மா” என்றார்.

வேலை தொடங்கிய அன்றைக்கே விளக்குக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏற்கனவே கடக்க வழி உள்ள இடத்துக்குப் பாலம் எதற்கு என்று தணிக்கையில் கேட்டுவிடுவார்களாம். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

திறப்பு விழாவில் தலைமை விருந்தினர் நாடாவை வெட்டி, மேலே ஏறி, மேடையின் கோடிவரை நடந்து, தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி அக்கரையை உற்றுப் பார்த்தார். எதிரே மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்துக் கையசைத்தார். அம்மாள் கையசைக்கவில்லை, கையில் ஈரத்துணி இருந்தது. பிறகு கூட்டம் அப்படியே திரும்பியது. கடைசியில் நின்றவர்கள் முதலில் இறங்கினார்கள், தலைமை விருந்தினர் கடைசியில் இறங்கினார். சமத்துவம் இவ்வளவு சுலபமாக வேறெங்கும் வந்ததில்லை.

மறுநாள் முதல் இஸ்திரிக்காரர் பெரிய சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். பேருந்து நெரிசலில் மூட்டை நசுங்கிப் போய்ச் சேரும்போது, துணி கடைக்கு வந்த நிலைக்கே திரும்பியிருந்தது.

“நான் கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கறீங்க” என்றார் மாடி வீட்டம்மா. குடியிருப்பில் அவர் வைத்ததுதான் சட்டம். “பெரிய ரோட்டுல ஒருத்தன் மெஷின்ல இஸ்திரி போடற கடை தொறந்திருக்கான். வாசலுக்கே வந்து எடுத்துக்கிறானாம். நான் மாறினா மொத்தக் குடியிருப்பும் மாறிடும், தெரியுமில்ல?”

“தெரியும்மா. அந்தப் பக்கம் படி வந்துட்டா—”

“சரி, படி வர்றவரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.”

இஸ்திரிக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி ஒரு நிமிடம் யோசித்தாள்.

“ஏங்க, ஆள் இறங்கத்தானே படி வேணும். துணி இறங்க எதுக்குப் படி?”

அன்று முதல் அவர் பாலத்தின் கோடிக்குப் போய், கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கினார். கீழே மாடி வீட்டம்மா அண்ணாந்து நின்று வாங்கிக்கொண்டார். “எங்க வீட்டுக்காரர் கால்சட்டை எங்க?” “அடுத்த கூடையில வருதும்மா, அவசரப்படாதீங்க.” நல்ல ஏற்பாடுதான். ஆனால் அம்மாவுக்குக் கழுத்து வலி வந்தது. வலி கூடக்கூட மெஷின் கடையின் பேரைச் சொல்வதும் கூடியது.

இந்த நிலையில் அலுவலர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “தலைநகரத்துலேர்ந்து மதிப்பீட்டாளர் வர்றார். பாலத்தை மக்கள் பயன்படுத்தலேன்னு தெரிஞ்சா ரெண்டாம் கட்டம் போயிடும். தெருவே ஏறணும் ஐயா.”

“ஏறி?”

“இறங்கணும்.”

“எந்தப் பக்கம்?”

“இருக்கற பக்கம்.”

இஸ்திரிக்காரர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். தெரு ஏறியது. நடைப்பயிற்சிக்காரர்கள் ஏறினார்கள். தையல்காரர் மேலேயே அளவெடுத்தார். சண்டை போடுகிற தம்பதிகள் அங்கே போய்ச் சண்டை போட்டார்கள். கோபித்துக்கொண்டு அந்தப் பக்கமாக யாரும் போய்விட முடியாது என்பதால் எல்லாச் சண்டையும் சமாதானத்தில் முடிந்தது. இஸ்திரிக்காரரின் மனைவி நல்ல புடவையை எடுத்து உடுத்திக்கொண்டாள்.

“ஏறி இறங்கறதுக்கு எதுக்குடி இந்தப் புடவை?”

“உங்களைக் கட்டிக்கிட்டு நான் வெளியூர் போறது இது ஒண்ணுதானே.”

மதிப்பீட்டாளர் வந்தார். மேடை கொள்ளாத கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இவங்கள்லாம் எங்க போறாங்க?”

“மேல சார்” என்றார் இஸ்திரிக்காரர்.

“அப்புறம்?”

“கீழ.”

மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “படி இல்லாமலே இவ்வளவு பேரா?”

“அதனாலதான் சார், அந்தப் பக்கம் ஒரு படி—”

“படி எதுக்குங்க? அந்தப் பக்கம் இறக்கி விட்டா இவங்க போயிடுவாங்க. பாலம் காலியாயிடும். இவ்வளவு மனநிறைவோட இருக்கற மக்களை நான் எங்கயுமே பார்த்ததில்ல.”

இரண்டாம் கட்டம் ‘தேவை எழவில்லை’ என்று கைவிடப்பட்டது. பாலத்துக்குச் ‘சிறந்த முன்மாதிரி’ விருது கிடைத்தது. அலுவலருக்கு ஆறு மாதம் வேலை நீட்டிப்புக் கிடைத்தது. இஸ்திரிக்காரருக்குக் கைதட்டல் கிடைத்தது. அதை இஸ்திரி போட முடியாது.

முன்மாதிரி என்று ஆகிவிட்டால் அதே அச்சில் இன்னொன்று செய்தாக வேண்டும். அதுவும் இதே போன்ற சூழலில். நாடு முழுக்கத் தேடிப் பார்த்தார்கள். அந்த வாய்க்கால் கரையைப் போலவே இருந்த இடம், அதன் எதிர்க்கரை ஒன்றுதான்.

ஒரு காலையில் அக்கரையில் செங்கலும் மணலும் வந்து இறங்குவதை இஸ்திரிக்காரர் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தார். “படி வருதுடி” என்றார். சட்டை கருகும் வாசனைகூட அன்றைக்கு அவருக்கு மணமாக இருந்தது.

ஆனால் படிகள் உயர உயர, அவை அவருடைய மேடைக்கு நேராக இல்லாமல் சற்றுத் தள்ளிப் போவதைக் கவனித்தார். மேடைக் கோடிக்கு ஓடிப்போய்க் குரல் கொடுத்தார்.

“மேஸ்திரி, படி கோணலாப் போகுதே.”

“இது உங்க படி இல்லீங்க. எங்க பாலத்துப் படி.”

“உங்க பாலம் எதுவரைக்கும் வருது?”

“உங்க கரைவரைக்கும்.”

“எங்க கரையில இறங்கப் படி?”

“அது ரெண்டாம் கட்டம்.”

ஆக, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாலங்கள். இரண்டிலும் ஏறலாம். நடுவே ஓர் இடைவெளி. எட்டிக் கொடுக்கலாம், தாண்ட முடியாது. மாடி வீட்டம்மா தன் பாலத்தில் ஏறி வந்தார், இஸ்திரிக்காரர் தன் பாலத்தில் ஏறிப் போனார். பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

“இளைச்சிட்டீங்க” என்றார் அம்மா.

“படிம்மா” என்றபடி மூட்டையை நீட்டினார். கை எட்டியது, பிடி எட்டவில்லை. குடியிருப்பின் வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் கறுப்புத் தண்ணீரில் விழுந்து, கைகளை விரித்துக்கொண்டு மிதந்து போயின.

அம்மா திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் இஸ்திரிக்காரர் தாங்கியிருப்பார். அங்கேயே தரையில் உட்கார்ந்தார். கீழே இருந்து மனைவி, “என்னங்க ஆச்சு?” என்றாள்.

“முடிஞ்சுது. மெஷின் கடைக்குப் போயிட்டாங்க.”

மெஷின் கடைக்குப் போகிறவர் கணவரையும் கூட்டிக்கொண்டு, இருவருமாக ஒரு நீளமான பச்சைப் பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரமாட்டார். அம்மா தடுப்புக் கம்பியை அசைத்தார். அதன் திருகாணிகளும் இரண்டாம் கட்டத்துக்காகக் காத்திருந்தவைபோலும், கையோடு வந்துவிட்டன. அவர் சொல்லச் சொல்ல இஸ்திரிக்காரர் தன் பக்கத்துக் கம்பியையும் கழற்றினார். பலகை இரண்டு மேடைகளின்மேலும் அசையாமல் உட்கார்ந்தது.

“வாங்க. போன சட்டை போகட்டும். வீட்டுல இன்னும் ஒரு மூட்டை கசங்கிக் கிடக்குது.”

இஸ்திரிக்காரர் நடந்தார். இந்தப் பாலத்தில் ஏறி, பலகையைத் தாண்டி, அந்தப் பாலத்தில் இறங்கி, அக்கரை மண்ணில் கால் வைத்தார். பின்னாலேயே தெரு நடந்தது. மெஷின் கடைக்காரன் வந்து காலிப் பையோடு திரும்பினான்.

செய்தி எட்டிய உடனே அலுவலர் வந்தார். தலைமை விருந்தினரும் நாடாவும் கூடவே வந்தன. பலகையின் நடுவில் நாடா கட்டப்பட்டு, வெட்டப்பட்டது. விருந்தினர் பலகையில் கால் வைக்கும்போது எதுவோ இடறியது. குனிந்து பார்த்தார்.

“இது என்ன, தாழ்ப்பாள் மாதிரி இருக்கு?”

“எதிர்கால விரிவாக்கத்துக்கு சார்” என்றார் அலுவலர்.

நிதி நிச்சயமில்லாத காலத்திலும் இரண்டாம் கட்டம் செலவே இல்லாமல் நிறைவேறியதை விருந்தினர் வெகுவாகப் பாராட்டினார். இரு கரைகளையும் இணைத்தது அரசின் தொலைநோக்கே என்று கல்வெட்டும் வைத்தார்கள்.

அந்தப் பலகை, மாடி வீட்டம்மாவின் சமையலறைக் கதவு.