மாமனார் பெயரில் வந்த பொட்டலம்

தள்ளுபடி என்று போட்டிருந்தால் எனக்கு எண்கள் மட்டும்தான் கண்ணில் படும்; எழுத்துகள் படாது. இது ஒரு நோய் என்பாள் என் மனைவி செல்வி. நான் அதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் நாங்கள் குடித்தனம் வைத்த புதிது. மளிகைச் செலவைப் பாதியாகக் குறைப்பது எப்படி என்று யூடியூபில் ஒருவர் விளக்கியதை மூன்று முறை பார்த்தேன். (குறிப்பு வேறு எடுத்தேன். கல்லூரியில்கூட எடுத்ததில்லை.) ஆப்பில் முதல் ஆர்டருக்குத்தான் பெரிய தள்ளுபடி, ஆகவே மாதாமாதம் புது ஆளாகப் பிறக்க வேண்டும் என்பது அவர் சொன்ன ரகசியம். முதல் மாதம் என் நம்பரில் பிறந்தேன். அடுத்த மாதம் செல்வியின் நம்பரில். மூன்றாம் மாதத்துக்குக் கிடைத்தவர் திண்டிவனத்தில் இருக்கும் என் மாமனார்.

மாமா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். விதிகளை மதிப்பவர். போன் செய்தேன்.

"மாமா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொல்லுங்க."

"வந்துக்கீது மாப்ள. ஆனா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டுக்கீதே."

"எனக்குச் சொல்லலாம் மாமா."

"யாருக்கும்னா அதுல நீங்களும்தான வர்றீங்க?"

செல்வி போனை வாங்கிப் பேசிய பிறகுதான் நம்பர் வந்தது. முகவரியும் புதிதாக இருக்க வேண்டும் என்பதால் சாமான்கள் திண்டிவனத்துக்கே போகும். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் போய்த் தூக்கி வருவேன். (பஸ் கட்டணத்தை யூடியூப்காரர் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை.)

பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் போட்ட பிறகும் தள்ளுபடிக்குக் கொஞ்சம் குறைந்தது. அப்போது ஆப் தானாகவே ஒரு பொருளைக் காட்டியது. வெள்ளையாக மடித்த துணி மாதிரி ஒரு படம். 'அதிகம் உறிஞ்சும், மிக மென்மையானது, எக்ஸ்எல், பத்து' என்று எழுதி மூன்று புள்ளி வைத்திருந்தது. அடுப்படி துடைக்க ஆகும் என்று சேர்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை செல்வி முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவுக்கு என்னமோ நோய். மறைக்கிறாரு."

"என்ன நோய்?"

"நம்ம மளிகை இன்னும் வரல, அதுக்குள்ள அவரு பேருக்கு வேற ஒரு பொருள் வந்துருக்காம். அம்மா பிரிச்சுப் பாத்துட்டாங்க. என்னான்னு சொல்லவே கூச்சமா கீதுன்னு அழுவுறாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்கு ஆன்லைனில் வாங்கத் தெரியாதே என்று நினைத்தேன். (வாங்கியவனே நினைத்தான்.) சற்று நேரத்தில் மாமாவே கிசுகிசுப்பாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, உங்க அத்தைக்கு உடம்பு சரியில்ல போலக்கீது. என்னத்தையோ வாங்கி ஒளிச்சு வச்சுக்கினு, கேட்டா உன் பேர்லதான் வந்துதுன்னு என்னையே சொல்றா. சனிக்கிழமை அங்க இட்டுக்கினு வர்றேன். நல்ல டாக்டரா பாத்து வைங்க."

யாருக்கு நோய் என்று குழம்பிப்போய் ஆப்பைத் திறந்தேன். 'ஒரு பொருள் ஒப்படைக்கப்பட்டது. மீதி நாளை' என்றிருந்தது. தொட்டேன். மூன்று புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருந்த எழுத்துகள் வெளியே வந்தன: முதியோருக்கான டயப்பர்.

உடனே சொல்லியிருக்கலாம். செல்வி அழுத அழுகையில் தைரியம் வரவில்லை. வந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன்.

சனிக்கிழமை விழுப்புரம் பஸ் நிலையத்தில் இருவரும் இறங்கினார்கள். அத்தை மாமாவின் கையைப் பிடித்துப் படியிறக்கினார். மாமா அத்தையிடமிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டார். 'நீ உக்காரு', 'நீங்க உக்காருங்க' என்று ஒரே பெஞ்சைக் காட்டி இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வளவு பிரியமாக அவர்களை நான் பார்த்ததே இல்லை. வாய் வரை வந்த உண்மை திரும்பி உள்ளே போய்விட்டது.

கிளினிக்கில் டாக்டரம்மா, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார்.

மாமா அத்தையைக் காட்டினார். அத்தை மாமாவைக் காட்டினார்.

"எத்தனை நாளா?"

இருவரும் தலை குனிந்தார்கள். அத்தையின் கண் கலங்கியது. இனி முடியாது என்று நான் எழுந்து நின்றேன். (வகுப்பில் எழுவது போலவே கை கட்டிக்கொண்டேன்.) யூடியூபில் ஆரம்பித்து மூன்று புள்ளி வரை ஒப்பித்தேன். செல்வி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. டாக்டரம்மா மட்டும் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே எதையோ நெடுநேரம் பார்த்தார். பிறகு, "வந்தது வந்துட்டீங்க. ரெண்டு பேருக்கும் சுகர் பாத்துடலாம்" என்றார்.

அத்தைக்கு ஒன்றுமில்லை. மாமாவுக்கு இருந்தது, நிறைய.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலுக்கு வந்திருக்கும். சரியான நேரத்துல வந்துருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

என்னைத் திட்டுவதா, நன்றி சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்பதா, பெருமைப்படுவதா என்பது எனக்கும் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை.

மாமா இப்போது மாத்திரையும் நடையுமாக நன்றாக இருக்கிறார். கல்யாண வீடுகளில் பந்தியில் அவர் இலைக்குப் பாயசம் வரும்போது கையால் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் என்னைக் காட்டிச் சொல்வார்:

"எனக்கு வேணாம்பா. நம்ம மாப்ள ஆன்லைன்ல எனக்கு சுகர் வாங்கிக் குடுத்துட்டாரு. அதுவும் தள்ளுபடில."