ஆயிரமாண்டு வெங்காயம்

ஒரு கடலின் இந்தக் கரையில் அலைவாய் நாடும், அந்தக் கரையில் லவங்கத் தீவும் இருந்தன. இங்கிருந்து வெங்காயம் போகும்; அங்கிருந்து மாசிக் கருவாடு வரும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று இரு கரையிலும் நினைத்திருந்ததால் வியாபாரம் நன்றாகவே நடந்தது.

கெட்ட வேளை, அந்த உறவு ஆயிரம் ஆண்டு பழையது என்பதை இரு மன்னர்களும் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இத்தனை தொன்மையான உறவைக் கண்ட கண்ட மூட்டைகளால் கொச்சைப்படுத்தலாகாது என்று முதல் ஆணை பிறந்தது. வணிகம் நின்றது. நின்றுபோன வணிகத்தின் நினைவாகத் துறைமுக வாயிலில் ஒரு கற்கப்பல் எழுந்தது. அதன் ஓரமாக ஒரே ஒரு தோணி உரசிக்கொண்டு போக இடமிருந்தது. அதையும் மீறிப் போகிறவர்களைப் பிடிக்க, இரு நாட்டுக் காவல் படகுகளும் நடுக்கடலில் நட்போடு ரோந்து சுற்றின. தீவில் வெங்காயமில்லாமல் சம்பல் அரைத்தார்கள். சாப்பிட்டவர்கள் மன்னரை வாழ்த்தவில்லை.

தோணித் தலைவன் தண்டல் இன்னாசியின் எண்பது மூட்டை வெங்காயம் துறையில் கிடந்தது. அந்த ஆண்டுப் பிழைப்பே அதுதான். அவன் உறவுத்துறை அமைச்சர் பொன்மொழியாரிடம் ஓடினான்.

“ஐயா, வெங்காயம் முளை விட்டுருச்சு.”

“வரலாறு முளைவிடும் நேரத்தில் வெங்காயத்தைப் பற்றிப் பேசுகிறாயே!”

அமைச்சருக்கு வேறு கவலை. ஆயிரமாண்டு உறவைக் கொண்டாட மன்னர் அறிவித்திருந்த விழாவில் பண்டைய கடற்பயணத்தை நடித்துக் காட்ட அரண்மனைச் சிற்பிகள் செய்த கப்பல், மிதப்பது தவிர மற்ற எல்லாம் செய்தது. விழாவோ நாளை.

“உன் தோணியை ஆயிரமாண்டுப் பழையதாகக் காட்ட முடியுமா?”

“அது இப்பவே அப்படித்தாங்க ஒழுகுது.”

“நம் முன்னோர் எதை ஏற்றிச் சென்றனர்?”

“வெங்காயந்தாங்க, ஐயா.”

“சான்று?”

“அடித்தட்டுல குனிஞ்சு மோந்து பாருங்க.”

அமைச்சர் துறைக்கே வந்து தோணிக்குள் குனிந்தார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர். வரலாற்றைக் கண்டு அமைச்சர் அழுததாக அரசவைக் குறிப்பில் எழுதப்பட்டது.

மறுநாள் இன்னாசி பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு, எண்பது மூட்டையோடு முன்னோராகப் புறப்பட்டான். தீவில் மேளம் கொட்டி வரவேற்றார்கள். மூட்டையை அவிழ்த்ததும் மேளக்காரர்களே முதலில் ஓடிவந்தார்கள். திரும்பும்போது தோணி நிறைய பண்டைய மாசி.

அடுத்த வாரம் துறையில் தாடியில்லாத முகமே இல்லை. மக்களின் வரலாற்றுப் பற்றில் நெகிழ்ந்த மன்னர்கள், விழாவைத் தினசரி ஆக்கினார்கள். ஆண்டிறுதியில் பொன்மொழியார் அவையில் முழங்கினார்: “நிகழ்கால வணிகம் முற்றிலும் ஒழிக்கப்பட்டது. கடந்தகால வணிகம் இவ்வாண்டு மும்மடங்கு உயர்ந்துள்ளது!”

அன்றைக்கு நடுக்கடலில் இன்னாசியின் தோணிக்கு எதிரே தீவுத் தோணியொன்று வந்தது. அதிலும் தாடிதான்.

“அண்ணே, எந்த நூற்றாண்டுக்குப் பயணம்?” என்று கேட்டான் தீவுக்காரன்.

“உங்க நூற்றாண்டுக்குத்தான். எங்கதுல மாசி தீர்ந்துபோச்சு.”

இருவரும் சிரித்தார்கள். தூரத்தில் காவல் படகு தெரிந்தது.

“தம்பி, இடப்பக்கம் தாடி தொங்குது, அமுக்கி ஒட்டு,” என்றான் இன்னாசி. “இந்தக் காலத்து ஆளுன்னு தெரிஞ்சா பிடிச்சிட்டுப் போயிருவாங்க.”