எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது

வாசகரே, மனித குலத்தில் புதிதாக ஓர் இனம் தோன்றியிருக்கிறது. வெக்டர் வரைகலை மென்பொருளை மூன்று நாளைக்கு முன் மடிக்கணினியில் இறக்கியவர் என்று அதற்குப் பெயர். நாலாம் நாள் முதல் அவரோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது.

நான் ஏழு வருடம் தேசம் தேசமாக அலைந்துவிட்டு அருமனைக்குத் திரும்பியவள். நெருப்புக்கோழிக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கிளம்பியவரையும், கப்பல் கிடைக்காத கோபத்தில் கடலோடு பேச்சை நிறுத்திக்கொண்டவரையும் பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் அடக்கமானவர்கள்.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது எளிது. இவர் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். எத்தனை புள்ளி வைத்து வளைத்தால் இந்த மூக்கு வரும் என்று மூக்கின் ஓரத்தைப் பார்ப்பார். தட்டில் மரச்சீனிக் கிழங்கு வந்தால் நாலு புள்ளி போதும் என்பார், பப்படம் வந்தால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்த வட்டம் என்பார், மீன் குழம்பு சட்டையில் சிந்தினால் துடைக்கமாட்டார், செய்ததைச் செய்யாததாக்கும் கன்ட்ரோலையும் இசட்டையும் இடது கையின் இரண்டு விரல் மட்டும் காற்றில் தேடும். கறை போகுமா? போகாது. இன்னொரு முறை அழுத்திப் பார்ப்பார்.

பக்கத்து வீட்டு ஜெப்சன் இதில் உயர்ந்த ரகம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வளைகுடா விசாவுக்குக் காத்திருப்பவர். அக்கா பிளஸ்ஸிக்கு, கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் எபிசனோடு திங்கட்கிழமை கல்யாணம். எங்கள் பக்கம் போதகர் ஜெபித்தால் மட்டும் கல்யாணம் முடிந்துவிடாது. சபைக்குப் போகிற ரோட்டில் ஃபிளெக்ஸ் போர்டும் நிற்க வேண்டும். அதை அடிக்கிற கடைக்காரர் லிஜோவுக்குத் தெரிந்த மனித நிறம் ஒன்றே ஒன்று: பச்சரிசி மாவு. நிச்சயதார்த்த போர்டில் அவர் பிளஸ்ஸியை வெளுத்த வெளுப்பில், சொந்தச் சித்தியே "இது எந்தப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டார். பிளஸ்ஸி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதனால் தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏலே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். போர்டுல எனக்க மூஞ்சி எனக்க நெறத்துல இருக்கணும். கேட்டியா?"

"நீ பேசாம இரி அக்கா. இது வெக்டராக்கும். எவ்வளவு பெருசாக்கினாலும் ஓரம் உடையாது."

அவள் கேட்டது நிறத்தை. அவர் சொன்னது உடைவதை. இந்த இனத்திடம் எதைக் கேட்டாலும் இதுதான் பதில்.

பாடம் நடத்தும் வீடியோக்களை ஜெப்சன் இரட்டை வேகத்தில் பார்த்தார். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கரப்பான் மீசை போல இரண்டு கைப்பிடிகள் முளைத்தன. ஒன்றை இழுத்தால் அக்காவின் கன்னம் அடுத்த ஊர் குலசேகரம் வரை போனது. விடவில்லை. அக்காவின் கையைத் திரையோடு சேர்த்துப் பிடித்து, பதினோரு காப்பி நிறங்களை வைத்துப் பார்த்துப் பன்னிரண்டாவதில் நின்றார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அது பிளஸ்ஸியேதான். பிறகு அவளுக்கு வலதுபக்கத்தில் மாப்பிள்ளையின் கண், காது, மூக்கு என்று தனித்தனித் துண்டாக வரைந்து, கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே எண்பது புள்ளியில் மீசையை வைத்தார். துண்டுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் 'குரூப்' என்பது ஒன்பதாம் பாடம். அவர் எட்டிலிருந்து நேராகப் பதினாலுக்குத் தாவியிருந்தார். அதில்தான் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் வித்தை இருந்தது. நிஜத்தில் மாப்பிள்ளை பிளஸ்ஸியைவிட ஒரு சாண் உயரம். போர்டில் உதட்டுக்கு உதடு சமம்.

சனிக்கிழமை சாயங்காலம் தாய்மாமன் செல்வதாஸ் வந்தார்.

"எனக்க படம் எங்கலே?"

"பேரு போட்டிருக்கு மாமா."

"பேரா? கொசு இருந்த மாதிரி இருக்கு. தாய்மாமன் மூஞ்சி இல்லாத போர்டு நிக்கிய ரோட்டு வழி நான் வரமாட்டேன்."

சபைக்கு வேறு ரோடு கிடையாது.

மாமாவை இடது ஓரத்தில் வைக்க வேண்டுமென்றால் மற்ற இருவரும் ஓர் ஆள் அகலம் வலதுபக்கம் நகர வேண்டும். ஜெப்சன் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு, ரப்பர் விதை பொறுக்குவதுபோல, ஒவ்வொரு துண்டாகத் தொட்டார். எண்பத்தாறு துண்டு. நகர்த்தினார். இருந்தது எண்பத்தேழு.

பார்த்திருக்க மாட்டாரா என்கிறீர்களா? இந்த இனம் முழுப் படத்தைப் பார்ப்பதே இல்லை. மாமாவின் காதோரத்தை முப்பது மடங்கு பெரிதாக்கி அங்கேயே குடியிருந்தார்.

கடையில் லிஜோ கேட்டார்: "மக்கா, ஒருக்கா தொறந்து பாத்துட்டு அடிக்கட்டா?"

"தொடாத! தொட்டா வெளுத்துப்போடுவ."

நியாயமான பயம். யாரும் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை, பத்தடிக்கு எட்டடி போர்டு எழுந்து நின்றது. இடது ஓரத்தில் மாமா. வலது ஓரத்தில் எபிசன், மேலுதடு மொழுக்கென்று, ஞாயிறு பள்ளிக்கு வந்த பையன் போல. நடுவில் பிளஸ்ஸி. அவள் முகம், அவள் நிறம், மூக்குக்குக் கீழே முறுக்கிய மீசை. உதட்டுக்கு உதடு சமம் அல்லவா? மயிரிழை பிசகவில்லை.

கீரிப்பாறை வேன் வந்து நின்றது. எபிசன் இறங்கி அண்ணாந்து பார்த்தார்.

"மச்சான், அது எனக்க மீசையாக்கும்."

அவருடைய அம்மா வேறு யோசனையில் இருந்தார். "லே மக்கா, மீசைய எடுத்தா நீ நல்லாத்தான் இருக்க."

"எனக்க படம் தெளிவா இருக்கு," என்றார் செல்வதாஸ் மாமா.

பிறகு பிளஸ்ஸியின் கார் வந்தது. வெள்ளைப் பட்டோடு இறங்கினவள் போர்டின் முன்னால் நின்றுவிட்டாள். ஜெப்சனின் இடது கை விரல்கள் காற்றை அழுத்திக்கொண்டே இருந்தன. கன்ட்ரோல், இசட். கன்ட்ரோல், இசட்.

"நெறம் சரியா இருக்குலே," என்றாள் பிளஸ்ஸி. பூச்செண்டால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சபையில் போதகர் "சம்மதமா?" என்று இரண்டு முறை கேட்க வேண்டியதாயிற்று, முதல் முறை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜெப்சன் திருந்தினாரா? விருந்துப் பந்தலில் பாயசத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "ஆனா பாத்தியளா, மீசையில ஒரு ஓரங்கூட உடையல்ல."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் பப்படத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில் 'கன்ட்ரோல் இல்லை, ஷிஃப்ட்' என்று முணுமுணுத்தது யார்? குரூப் செய்யாமல் நகர்த்தலாமா என்று பதறியது யார்? ஒன்றும் இல்லை, சும்மா கேட்டேன். இன்று வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் கவனியுங்கள். உங்களைக் கண்டதும் பெண்கள் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டால், ஒன்பதாம் பாடத்துக்குத் திரும்பிப் போங்கள்.