போய்க்கொண்டே இருந்த தோட்டா

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு உலகத்திலேயே கஷ்டமான வார்த்தை "தெரியாது" என்பதுதான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு நான் மாட்டிக்கொண்டது துப்பாக்கித் தோட்டாவில்.

எழுபதுகளில் நடந்தது. புதுமாப்பிள்ளை நான். என் ஊர் ஆனைகட்டி, பெண் எடுத்தது பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியில். மலையடிவாரத்துக்காரன் என்றால் வேட்டைக்காரனாகத்தான் இருப்பான் என்று மாமனார் வீட்டில் அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். (காட்டுப்பன்றியை நான் பார்த்ததெல்லாம், ஓடும்போது திரும்பிப் பார்த்ததுதான்.)

அந்த வருஷம் மாமனாரின் கடலைக்காட்டில் பன்றிகள் இறங்கின. காய் முற்றும் சமயம். ராத்திரியோடு ராத்திரியாகச் செடிகளைக் கிளறிப் போட்டுவிட்டுப் போயின. அந்தக் கடலை வீடு வந்தால்தான் அடுத்த விதைப்பு என்று மாமியார் அடுப்படியில் புலம்புவது எனக்கும் கேட்டது. மாமனாரிடம் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய பழைய ரைஃபிள் ஒன்று இருந்தது, தோட்டாதான் இல்லை. கிட்டே போனால் பன்றி ஓடிவிடும். நடுவிலிருந்த ஓடைப் பள்ளத்துக்கு இக்கரையில் இருந்தபடியே அக்கரைக் கடலைக்காட்டில் சுட வேண்டும்.

"தூரத்து வெடிக்குத் தோட்டா எடுக்கோணும். மாப்பிள்ளை பாத்து எடுத்தாத்தானுங்க சரியா இருக்கும்" என்றார் மாமனார்.

எங்கள் பக்கம் புதுமாப்பிள்ளையிடம் "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு. அதனால் அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததால் நானும் சொல்லவில்லை. பாலக்காட்டுத் துப்பாக்கிக் கடைக்கு அவரோடு போன பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தேன்.

கடைக்காரர் எங்கள் ரைஃபிளுக்குப் பொருந்துகிற இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று நுனிவரை செம்புத் தகடு போர்த்தி, கூர்மையாகப் பளபளத்தது. மற்றதன் மூக்கில் ஈயம் வெளியே தெரிந்தது. எலி கடித்ததுபோல மழுங்கியிருந்தது. மாமனாரும் கடைக்காரரும் என் முகத்தையே பார்த்தார்கள். பெட்டிமேல் இருந்ததைப் படிக்கலாமென்றால் அது இங்கிலீஷ், நான் நாலாங்கிளாஸ். பார்க்கிறவர்களுக்காகவாவது ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு தோட்டாவை எடுத்தேன். சந்தையில் தேங்காய் எடுப்பதுபோலக் காதோரம் வைத்து ஆட்டினேன்.

"அய்யோ, ஆட்டண்டா!" என்று கடைக்காரர் மலையாளத்தில் அலறி, மேசைக்கு அடியில் பாதி குனிந்துவிட்டார். "இது தேங்கா இல்லீங்க!"

மாமனார் அசையவில்லை. "மாப்பிள்ளை பாக்கட்டும், உடுங்க" என்றார்.

கடைக்காரர் என் கையிலிருந்ததை மெல்ல வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார். "பன்னிக்கு இந்த மழுங்கின மூக்குதானுங்க நல்லது. உள்ள போனா விரிஞ்சு, அங்கயே நின்னுரும். கூர்மூக்கு அப்படியில்ல, தொளைச்சுக்கிட்டுப் போயிட்டே இருக்கும்."

எனக்கு உயிர் வந்தது. இதுவரை பேசியதில் எனக்குப் புரிந்தது அந்த ஒன்றுதான்.

"போயிட்டே இருக்கறதுதானுங்களே நமக்கு வேணும்? தூரமாச்சுங்களே!" என்றேன்.

"கேட்டுக்குங்க! ஆனைகட்டிக்காரர் சொல்றாரு" என்றார் மாமனார். கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார், சுவரிலிருந்த சாமி படத்தை ஒருமுறை பார்த்தார், கூர்மூக்கையே கட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மாமியார் பன்றிக்கறிக்கு மசாலாவே அரைத்துவிட்டார். பொழுது சாய, இக்கரைப் பாறைமேல் நானும் மாமனாரும் படுத்துக் கிடந்தோம். "நீங்களே வெடிக்கறீங்களா மாப்பிள்ளை?" என்று ரைஃபிளை நீட்டினார். எனக்கு உடனடியாகத் தோள்பட்டை வலி வந்தது.

ஒரு பெரிய பன்றி வந்து குறுக்கே நின்றது. மாமனார் சுட்டார். பன்றி தலையை ஒரு சிலுப்பு சிலுப்பிவிட்டு ஓடியது. தோட்டாவோ கடைக்காரர் வாக்கைக் காப்பாற்றியது. போய்க்கொண்டே இருந்தது. காட்டு ஓரத்தில் பூச்சிமருந்து கலக்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த இரும்பு டிரம்மில் இந்தப் பக்கம் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியேறி, கரை மண்ணில் புதைந்தது. டிரம்மின் இரண்டு பக்கமும் தண்ணீர் பீச்சியடித்தது.

"காதுல பட்டுச்சுங்க, நான் பாத்தேன்" என்றார் மாமனார். ஆக, பன்றிக்குக் காது குத்தியாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காததுதான் குறை.

அரைத்த மசாலாவில் கத்தரிக்காயைப் போட்டுப் பரிமாறினார்கள். திட்டியிருந்தாலாவது தூங்கியிருப்பேன். விடிந்து போய்ப் பார்த்தால், டிரம் ஒழுகிய சேற்றில் பன்றிகள் குடும்பத்தோடு வந்து புரண்டு, குளித்த பசிக்கு மிச்சக் கடலையிலும் வாய் வைத்துவிட்டுப் போயிருந்தன. பாதி விளைச்சல்கூட வீடு வரவில்லை. மாமனார் மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார். "தோட்டா மேல தப்பில்லீங்க மாப்பிள்ளை" என்றதோடு சரி. விதைக்கடலை கேட்டு தன் மச்சான் வீட்டுக்கு அவர் நடந்து போனதைப் பார்க்க முடியாமல் நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

அந்த டிரம்மை அவர்கள் தூக்கிப் போடவில்லை. ஓட்டைகளில் பிடுங்கிச் செருகுகிற கட்டைத் தக்கை வைத்து, விசேஷங்களில் பந்திக்குக் கை கழுவ வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் நிற்கலாம், வசதி. வருஷக்கணக்காக அதில் கை கழுவினேன். என் காதில் விழ ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் மகள் கல்யாணத்தில் புதுமாப்பிள்ளை அதில் கை கழுவிக்கொண்டே, "ஓட்டை எவ்வளவு அளவா இருக்குதுங்க! ஆருங்க போட்டது?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் புதுமாப்பிள்ளை வந்துவிட்டதால் நான் பழையவனாகிவிட்டேன் என்பது எனக்கு உறைப்பதற்குள், நரைத்த மீசையோடு என் மாமனார் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதையேன் கேக்கறீங்க மாப்பிள்ளை! உங்க மாமன் இருக்கறாரே, தோட்டாவைக் காதுல வெச்சு ஆட்டிப் பாத்து எடுத்தாருங்க!"

இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. பந்தியே எழுந்து வந்துவிட்டது.