மணியக்காரருக்கு விழுந்த மாலை

நான் ஒரு கோழை. எண்பது வயதைத் தாண்டி இதை ஒப்புக்கொள்வதில் வீரம் எதுவும் இல்லை. என்னை அடிக்கக்கூடியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பாப்பாரப்பட்டியில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்க வேண்டியவர் பள்ளிக் கமிட்டித் தலைவரான மணியக்காரர். அவர் முகம் சுளித்தால் நான் திரும்பவும் அப்பாவின் புளி மண்டிக்குப் போய்ச் சாக்கு தைக்க வேண்டியதுதான்.

அப்போது எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. நாடக மேடையில் ராஜபார்ட்டாக நின்று, பிறகு பேசும் படத்துக்குப் போன ஒரு நடிகர்மேல் உயிரையே வைத்திருந்தேன். (அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்த அருகதை எனக்கில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.) தருமபுரி டெண்ட் கொட்டகைக்கு நடந்தே போய் ஒரே படத்தை ஒன்பது முறை பார்த்தவன் நான். "ஆயிரம் பேர் நடுவில் நின்றாலும் அவரை அடையாளம் காட்டுவேன்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அவர் இறந்த செய்தி இரண்டு நாள் பழைய பேப்பரில் வந்தது. ரசிகர்கள் ஏழெட்டுப் பேர் துக்கத்தில் முகம் மழிக்காமல் அலைந்தோம். (எனக்கு மழிக்கும்படி ஒன்றும் முளைக்கவில்லை என்பது வேறு விஷயம்.) பள்ளிக்கூடத்திலேயே அனுதாபக் கூட்டமும் படத்திறப்பும் வைப்பதென்று முடிவாயிற்று. தலைமை, மணியக்காரர். விஷக்காய்ச்சலில் எமன் வாசல்வரை போய்விட்டு, இரண்டு மாதம் முன்புதான் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

படத்துக்கு நானே பொறுப்பேற்றேன். கொட்டகைக்காரர் ஒரு பழைய போட்டோவைக் கொடுத்தார். அதில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கிரீடமும் முறுக்கு மீசையுமாக ராஜா. இன்னொருவர் வெறும் சட்டையில், ஒல்லியாக, சற்றே வழுக்கையாக. கடைப் பலகைகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் முனுசாமியிடம் கொடுத்து, ராஜாவை மட்டும் பெரிய படமாக எழுதச் சொன்னேன்.

"பக்கத்துல நிக்கறவரு யாருங்க வாத்தியாரே?"

"எவனோ பெட்டி தூக்குறவன். அவன விடு."

கூட்டத்தன்று பிற்பகல், கூடம் நிறைந்திருந்தது. படத்தை வெள்ளை வேட்டியால் மூடி, எதிரே குத்துவிளக்கும் ஏற்றியாகிவிட்டது. மணியக்காரர் வந்து உட்கார்ந்ததும் முனுசாமி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"மணியக்காரரோட வலது காதப் பாருங்க."

பார்த்தேன். காது மடலில் ஒரு துண்டு இல்லை.

"மூணு நாளு ஒக்காந்து அந்தக் காத எழுதுனேன்ங்க. படத்துல இருக்கறது இவருங்க!"

விஷயம் பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. பத்து வருஷம் முன்பு அந்த நடிகர் தருமபுரியில் நாடகம் போட வந்தபோது, மணியக்காரர் ஆசைப்பட்டு அவருடைய கிரீடத்தையும் ஒட்டு மீசையையும் வாங்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்திருக்கிறார். வேஷம் கலைத்துவிட்டுப் பக்கத்தில் எளிமையாக நின்றவர்தான் எங்கள் ராஜா. நான் பெட்டி தூக்குகிறவன் என்றது அவரைத்தான்.

"சொல்லிப்புடலாங்க. வேட்டிய எடுக்காமலே கூட்டத்த முடிச்சுக்கலாம்" என்றான் முனுசாமி.

சாவிலிருந்து தப்பி வந்த மனிதரிடம், அவர் படத்துக்கு நாங்கள் விளக்கேற்றி வைத்திருப்பதை யார் சொல்வது? அதற்குள் என்னைப் பேச அழைத்துவிட்டார்கள். எழுந்தேன். மூன்று வாக்கியத்துக்குமேல் குரல் வரவில்லை. முன்வரிசையில் ஒருவர், "பாவம், வாத்தியாருக்கு எத்தன பாசம் பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணியக்காரர் எழுந்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குப் பார்வை மங்கல். கண்ணாடியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். படத்தை மூடியிருந்த வேட்டியை உருவினார். தம் கையாலேயே படத்துக்கு மாலை போட்டார். இரண்டடி பின்னால் நகர்ந்து கைகூப்பினார்.

"என்னா ராஜகளை! இந்த மாதிரி மொவம் இனிமே பொறக்குமா?"

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவியின் அலறல் எழுந்தது. அந்த அம்மா இரண்டு கையாலும் தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க! அது நீங்கங்க! உங்களுக்கே மால போட்டுக்கிட்டு நிக்கறீங்களே!"

மணியக்காரர் படத்தண்டை போய், காதைத் தடவிப் பார்த்தார். பிறகு தம் காதைத் தடவிப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

விளக்கை அணைத்தார்கள். மாலையைப் பிய்த்தார்கள். யாரோ ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினார்கள். நனைந்தபடியே கேட்டார்: "எவன்டா இந்த வேலயப் பண்ணது?"

கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. எனக்குப் புளிச் சாக்கு வாசனை வந்தது. சத்தியமாக வந்தது.

"முனுசாமிதாங்க ஆள மாத்திட்டான்" என்றேன்.

முனுசாமி என்னை ஒரு முறை பார்த்தான். பெட்டி தூக்குகிறவன் என்று நான் சொன்னதை அவன் அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஆமாங்க. என் தப்புதானுங்க" என்றான்.

என் வேலை நிரந்தரமாயிற்று. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு கடைப் பலகைகூட முனுசாமிக்குக் கிடைக்கவில்லை. பெயிண்ட் டப்பாக்களோடு சேலத்துக்குப் போய்விட்டான். நான் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. செத்ததாகச் சொன்னால் ஆயுசு கூடும் என்பார்களே, மணியக்காரர் அதற்குப் பிறகு முப்பது வருஷம் கல்லுபோல இருந்தார். கிரீடத்தோடு இருக்கும் அந்தப் படத்தைக் கூச்சமே இல்லாமல் தம் வீட்டு வாசலுக்கு நேரே மாட்டிக்கொண்டார். அவர் போனபோது அதற்கே மாலை விழுந்தது. அன்று வீடு திரும்பித்தான் என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு முனுசாமியைத் தேடிச் சேலத்துக்குப் போனேன். அவனும் போய்ச் சேர்ந்திருந்தான்.

இப்போதும் எங்கள் உறவில் யாராவது இறந்து, படத்துக்கு மாலை போட நான் கையை நீட்டினால், பின்னாலிருந்து பேத்தியின் குரல் வந்துவிடும்: "தாத்தா, ஆளு செரிதானான்னு காதப் பாத்துக்குங்க!" துக்க வீட்டிலும் சிரிக்கிறார்கள்.

அதனால் என் படத்தை நானே தேர்ந்தெடுத்து, பிரேம் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். பின்புறத்தில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன்: "இது நான்தான். அன்று ஆளை மாற்றியவனும் நான்தான். முனுசாமி அல்ல."