நடுத்தட்டு சர்வர்

"சனிக்கிழமை பழைய சாமான்காரர் வர்றாராம். அந்தப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துடப் போறேன்" என்றாள் என் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

எனக்குத்தான் கண் கலங்கியது.

அது சாதாரணப் பெட்டி இல்லை சார். எங்கள் வீட்டுச் சர்வர். ஹால் அலமாரியின் நடுத்தட்டில், செத்துப்போன சார்ஜர்களுக்கும் ஒற்றை ஸ்பீக்கருக்கும் நடுவே உர்ரென்று உட்கார்ந்திருக்கும் பழைய கம்ப்யூட்டர். "அலமாரியை ஒழிச்சுக் கொடுங்க" என்று அவள் சொல்வதும், "ஞாயித்துக்கிழமை" என்று நான் சொல்வதும் வழக்கம். எந்த ஞாயிறு என்று நான் சொன்னதில்லை.

ஊரான் கம்பெனியில் நம் பேச்சு எதற்குக் கிடக்க வேண்டும், நம் வீட்டுப் பேச்சு நம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று கல்யாணமான புதிதில் நானே கட்டிய சாட் சர்வர் அது. அதில் 'நாம ரெண்டு பேர்' என்று ஓர் அறை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது குண்டூசி விழுந்தால்கூட விழித்துக்கொண்டு வீட்டை இரண்டாக்குவாள். அதனால் நாங்கள் வாயையே திறக்க மாட்டோம். மனைவி தொட்டில் பக்கத்தில், நான் சமையலறையில். எல்லாம் டைப்புதான்.

"தூங்கிட்டாளா?"

"ஒரு கண்ணு தூங்குது."

"காபி போடவா?"

"ஸ்பூன் சத்தம் கேட்டுதோ, கொலை விழும்."

சண்டைகூட அந்த அறையில்தான் போட்டோம். சத்தமே இல்லாமல் ஒரு சண்டை போட்டுப் பாருங்கள், பாதியில் சிரிப்பு வந்துவிடும். அடடா, அது ஒரு காலம்!

மகள் வளர்ந்தாள். வேலை கிடைத்து வெளியூர் போனாள். என் மனைவியோ, உலகமே குடியிருக்கிற வெளிச் செயலிக்குக் குடிபோய்விட்டாள். அவள் அக்கா, அக்கா மாமியார், காய்கறிக்காரர் எல்லாரும் அங்கேதான். "நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். நான் மானஸ்தன். சொந்த வீடு இருக்கும்போது வாடகை வீட்டுக்குப் போவேனா?

ஆக, அறையில் நான் மட்டும். பதில் வராது என்று தெரிந்தும் என் போனிலிருந்து தினமும் அதில் ஏதாவது எழுதுவேன். 'முழங்கால் வலிக்குது.' 'நீலச் சட்டையில பட்டன் போச்சு.' 'இன்னைக்குக் காபி தண்ணி.' சொன்னால் மனசு ஆறும், அவ்வளவுதான். அதிசயம் பாருங்கள், சாயங்காலமே தலையணை பக்கத்தில் தைலம் இருக்கும். சட்டையில் பட்டன் ஏறியிருக்கும். மறுநாள் காபி கள்ளிச்சொட்டாக வரும். "வாயைத் திறக்க வேண்டாம் சார், அவளே புரிஞ்சுக்குவா" என்று எதிர்வீட்டு டெய்லரிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பேர்ப்பட்ட அறையா பழைய இரும்புக்குப் போவது? அன்றே சபதம் எடுத்தேன். என் சர்வருக்கும் அவள் செயலிக்கும் நடுவே ஒரு பாலம் போடுவது. நான் இங்கே எழுதினால் அவள் போனில் போய் விழும். அவள் அங்கே எழுதினால் இங்கே வந்து சேரும். பழைய ருசியைக் கண்டுவிட்டால் பெட்டியை விடுவாளா?

வேலையை ஆரம்பித்ததும் பெட்டி சூடாகி நின்றுவிட்டது. காற்றுப் போக வழியில்லை. சார்ஜர்களை அள்ளினேன். ஒட்டடை அடித்தேன். வயர் கீழ்த்தட்டு வழியாகப் போனதால் அதையும் ஒழித்தேன்.

"என்னங்க, திடீர்னு?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சும்மா. தூசி."

"பாவம், தும்மறீங்களே. இந்தாங்க, ஈரத்துணி."

துடைத்தேன். பெட்டி உயிர் பெற்றது. கடைசிப் படி ஒன்றுதான் பாக்கி. திரையில் வரும் க்யூஆர் கட்டத்துக்கு நேரே அவள் போனைக் காட்ட வேண்டும்.

"உன் போன் ரொம்ப சூடாகுதாமே, கொடு பார்க்கறேன்."

"யார் சொன்னா?"

"பொதுவா சொல்லிக்கறாங்க."

மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். போனைக் காட்டினேன். திரையில் எழுத்து வந்தது: 'இந்தக் கணக்கு ஏற்கெனவே இந்தச் சர்வருடன் இணைக்கப்பட்டுள்ளது.'

"ஐயையோ! எவனோ உள்ளே புகுந்துட்டான்!"

"எவனும் இல்லை, நான்தான்" என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "பொண்ணு ஊருக்குப் போனப்பவே இணைச்சுட்டேன்."

"நீயா? உனக்கு எப்படிடீ தெரியும்?"

"சாப்பிட உட்கார்ந்தா சர்வர், எழுந்தா சர்வர்னு பாடம் எடுத்தீங்களே, நான் கேக்கலைன்னா நினைச்சீங்க?"

"பாஸ்வேர்டு?"

"நாம முதல்ல குடியிருந்த வீட்டு நம்பர். வேற என்ன வெச்சிருக்கப் போறீங்க!"

"அப்ப நான் எழுதினதெல்லாம்..."

"முழங்கால்லேருந்து பட்டன் வரைக்கும் என் போனுக்கு வந்துட்டுத்தான் இருக்கு. காபி தண்ணியா?"

"ஏம்மா, ஒரு பதில் போடக் கூடாதா?"

"போட்டா உஷாராயிடுவீங்க. நேர்ல கேட்டா 'ஒண்ணுமில்லை'ங்கறதைத் தவிர உங்க வாயிலேருந்து என்ன வருது? அங்கேதான் பழைய மாதிரி பேசறீங்க. அதை நானே கெடுத்துக்குவேனா?"

இத்தனை வருஷம் காலி அறை என்று நினைத்துப் புலம்பியிருக்கிறேன். அவள் அங்கேயேதான் இருந்திருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அப்ப சனிக்கிழமை பெட்டியைக் கொடுக்க மாட்டியே?"

அவள் சிரித்துக்கொண்டே போனோடு சமையலறைக்குப் போய்விட்டாள். என் போன் டிங்கென்றது. 'நாம ரெண்டு பேர்' அறையில், எத்தனையோ வருஷத்துக்கப்புறம், அவளிடமிருந்து ஒரு செய்தி! கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தேன்.

"சாமான்காரரை நான் கூப்பிடவே இல்லை. அலமாரியில மேல்தட்டு இன்னும் பாக்கி."